இருபது தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
திபிலிசியின் வடக்கு ஓரம், க்ல்தானி,
ஒன்பது தளத்துப் பழைய குடியிருப்பு.
பெட்டிக்குள் இருபது தெத்ரி விழுந்தால்தான்
இரும்பு மனமிரங்கும்.
வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
தெக்லே சிரிப்பதில்லை. அவளுக்கு அது
சொன்ன சொல் தவறாத ஒரே பெட்டி.

காசை அவள்தான் போட வேண்டும்.
காசு விழ, உள்ளே எங்கோ ஒரு டிக்,
அப்புறம் பொத்தான், அப்புறம் கதவு.
இதில் எதுவும் முந்தக் கூடாது.

போன மார்ச்சில் ஐந்தாம் தளத்து லமாரா,
நல்ல மனசோடுதான், அவசரத்தில்
தன் காசை முதலில் போட்டுவிட்டாள்.
நாற்பது நிமிடம்.
சிமென்ட் தரையின் குளிரில் தெக்லே கிடந்தாள்.
அவள் குரல், கூடை கூடையாய்க் கண்ணாடி உடைவதுபோல்
படிக்கட்டெல்லாம் ஏறி இறங்கியது.
"ஒரு அறை விட்டால் சரியாகிவிடும்" என்றது ஒரு கதவு.
"பாவம்" என்றது இன்னொன்று.
இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று நான் செய்ததெல்லாம் தப்பு.
தூக்கப் பார்த்தேன். கெஞ்சினேன். மிட்டாய் காட்டினேன்.
பேசிப் பேசி
எரிகிற நெருப்புக்கு விசிறி பிடித்தேன்.
தினாதின் வந்தாள், விளக்கை அணைத்தாள்,
என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்,
மகளிடமிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.
அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் எழுதித் தந்த தாளில் ஆட்டிசம் என்றிருந்தது.
ரொட்டியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
நீள ரொட்டியின் இரு நுனிகள் அவளுக்கு,
நடுப்பகுதி எனக்கு, வாழ்நாள் முழுக்க,
என்று நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம்.
சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டை வெட்டினால் போதாது,
அதைத் தைத்த நூலையும் பிரிக்க வேண்டும் என்பதை.
முகத்தைப் பார்க்கச் சொல்லாவிட்டால்
நன்றாகக் கேட்டுக்கொள்கிறாள் என்பதை.
விருந்தில் கோச்சா மாமா கோப்பையோடு எழும்போதே
காதுமூடியை அவளிடம் நீட்டிவிடுவேன்.
முதலில் முகம் சுருங்கினார்.
அடுத்த விருந்தில் அவர் மனைவி
தனக்கும் ஒன்று கேட்டாள்.

நேற்று மின்சாரம் இல்லை.
மழையில் நனைந்து பள்ளியிலிருந்து வந்தோம்.
காசு அவள் விரலிடுக்கில்.
பெட்டி இருட்டு, பொத்தான் இருட்டு.
அவள் கைகள் காற்றில் படபடத்தன,
உதடு வெளுத்தது. அந்த விளிம்பு எனக்குத் தெரியும்.

என்ன தோன்றியதோ, மண்டியிட்டேன்.
சட்டைப் பையை விரித்துப் பிடித்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
பார்த்தாள், நெடுநேரம். என்னை அல்ல, பையை.
காசு விழுந்தது.
டிக் என்றேன்.
என் மூக்கை அழுத்தினாள்.
ஆமாம், பொத்தான். நான்தான் மறந்துவிட்டேன்.
கைகளை விரித்தேன். ஏறிக்கொண்டாள்.

ம்ம்ம்ம் என்று உறுமியபடி படியேறினேன்.
மினிபஸ் ஓட்டி ஓட்டி வளைந்த முதுகு,
ஏழு வயதின் கனம், ஈரக் கோட்டின் கனம்.
நான்காம் தளம் தாண்டியதும் தோளில் தட்டினாள்.
நின்றேன். அதுவல்ல.
மறுபடி தட்டினாள். புரியவில்லை.
அவளே என் தோள்களைப் பிடித்து
ஒரு குலுக்கு குலுக்கினாள்.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே
எங்கள் லிஃப்ட் ஒரு விக்கல் விக்கும்.
பதினொரு வருடமாய் ஏறி இறங்குகிறேன்,
நேற்றுதான் அது என் காதில் விழுந்தது.
இரண்டு படி இறங்கி, மறுபடி ஏறி,
விக்கினேன்.

ஐந்தாவதில் லமாரா, மெழுகுவர்த்தியும் வாளியுமாய்.
எங்களைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்றாள்.
"இடமில்லையோ?" என்றாள் மெதுவாக,
"சரி, அடுத்ததில் வருகிறேன்."

ஒன்பது. மூச்சு இரைத்தது, உறுமல் நின்றது.
தெக்லே இறங்கவில்லை.
காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன், எதற்கென்று தெரியாமல்.
வாரத்துக்கு நாலைந்து சொல் மட்டுமே செலவழிக்கும் வாய்
இருட்டில் என் காதருகே வந்தது.
"கதவு."

திறந்தேன்.