அறைகள் இல்லாத கணக்கு

உடம்பை அறை அறையாகப் பிரிக்காத கணக்கு இது.
எந்தக் கதவு வழி நுழைந்தது மருந்து, எங்கே படுத்தது,
கேட்பதில்லை.
எடுத்த மணி, எடுத்த ரத்தத்தில் கண்ட அளவு:
இரண்டு போதும் எனக்கு.

பதினொன்றாம் எண் சேசுராசன்
சோஹார் துறைமுகத்தில் கொக்கி மாட்டுபவர்;
ஓர் அறையில் ஒன்பதாவது ஆள்.
காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து.
முந்தைய மாத்திரை வடிந்து தீருமுன் அடுத்தது விழும்.
ஐந்தாம் நாளில் ஏற்றமும் இறக்கமும்
நேற்றைப் போலவே இன்றும் என்றாகிவிடும்.
"சம்பளத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு இல்லையா?"
சிரித்தார்.

ஆறாம் நாள்.
இரண்டு மணி ரத்தம், மாத்திரைக்கு முன்,
துறைமுகத்திலேயே எடுத்தாயிற்று.
நாலு மணிக் குழாய் காலி.
ரவுண்டானாவில் லாரி கவிழ்ந்து பேருந்து நின்றதாம்.
சட்டைக் கையை மடித்துவிட்டே ஓடி வந்தார்
ஐந்து இருபத்தெட்டுக்கு.
"நாலுன்னே எழுதிருங்க மேடம். பணத்தப் பிடிச்சிருவாங்க."

பிடிக்க மாட்டார்கள் என்றேன்.
ஐந்து இருபத்தெட்டு என்றுதான் எழுதினேன்.

இரவு, திரையில்
புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்து
சரிவகம் சரிவகமாகக் கூட்டுகிறேன்.
முடிவிலிவரை வாலை நீட்ட வேண்டியதில்லை,
எட்டு மணிநேரத்துப் பரப்பு போதும்.
உச்சம் அநேகமாக நாலுக்கு வந்திருக்கும்,
பார்க்க ஆளில்லாமல் இறங்கியிருக்கும்.
என் கோடு அந்த மலையை ஏறாமல்
அடிவாரத்தோடு போகிறது.

கூட்டுத்தொகை கொஞ்சம் குறைவு.
குறைந்த இடத்தில்
ஒரு பேருந்து, வெயிலில், கதவைத் திறந்துவைத்து
இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.