சுட்டெண் நாற்பத்தேழு

எட்டுப் புள்ளி.
கேள்வி இதுதான்: இக்கவிதையில் கடல்
எவ்வெவ்வாறு படிமமாகிறது,
மனநிலை எங்கே திரும்புகிறது, ஆராய்க.

ஹட்டனில் மூன்று நாளாக மழை.
தவணைப் பரீட்சைத் தாள்கள்,
வலய மண்டபத்தில் மேசைக்கு நாலு பேர்,
தகரக் கூரை யாரையும் பேசவிடவில்லை.
தாளின் ஓரம் அப்பளம்போல் நமத்துப்போய்
சிவப்புப் பேனா தொட்ட இடமெல்லாம் மை ஊறுகிறது.

கவிதை சிறியது. பன்னிரண்டு வரி.
முதலில் கடல் ஒரு நாய்க்குட்டி, காலை நக்குகிறது.
பிறகு துணி துவைக்கும் பெண்.
அப்புறம் கரும்பாறை.
கடைசியில் மணலில் ஒற்றைச் செருப்பு.

விடைக் குறிப்பு சொல்கிறது:
நாய்க்குட்டி, மகிழ்ச்சி, ஒரு புள்ளி.
துவைப்பவள், அமைதி, ஒரு புள்ளி.
கரும்பாறை, அச்சம், திருப்பம் இங்கே. இரண்டு.

நாற்பத்தாறு பேரும் கரும்பாறையில் திரும்பினார்கள்
டிக்கோயா வளைவில் பஸ் திரும்புவது மாதிரி,
ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து,
தூக்கம் கலையாமல்.

நாற்பத்தேழாவது தாள்
துவைப்பவளிடமே நின்றுவிட்டது.

"நுரை வெள்ளை என்று கவிஞர் சொல்லவில்லை.
இந்த மூன்று வரியில் நிறமே இல்லை.
அவள் துவைக்கிறாள் என்கிறார்,
யாருடைய துணி என்று சொல்லவில்லை.
உடுத்த ஆட்கள் எங்கே?
ஆகையால் பயம் இங்கேயே வந்துவிட்டது.
பாறை பிந்தித்தான் வருகிறது."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"இவங்க திருப்பத்தைத் தவறவிட்டுட்டாங்களே"
பக்கத்தில் எட்டிப் பார்த்த புவனேஸ்வரன் சேர்
குறிப்பின் மேல் விரலை வைத்தார்.
"ரெண்டைக் குறைங்க டீச்சர். நாளைக்குக் கட்டு அனுப்பணும்."

நான் கடலைப் பார்த்தது ஒரே தடவை.
காலிமுகத்திடல், கலாசாலைச் சுற்றுலா.
கினிகத்தேனையிலிருந்தே வாந்தி எடுத்த களைப்பு.
கையில் ஆறிப்போன இஸ்ஸோ வடை.
எல்லோரும் ஓடினார்கள் தண்ணீருக்கு,
செருப்புகளைப் பார்த்துக்கொள் என்றார்கள்.
பதினோரு சோடிக்குக் காவலாக
அலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.
ஒன்பது வருடமாக
அந்த முதுகை வைத்துக்கொண்டுதான்
கடற்கவிதை படிப்பிக்கிறேன்.

அடுத்த பக்கம். எழுத்து கொஞ்சம் சாய்கிறது.

"நாய்க்குட்டி என்று சொன்னது பொய் இல்லை.
முதலில் அது அப்படித்தான் வரும்.
காம்பரா வாசலில் கொஞ்சமாகச் சேற்றுத் தண்ணி,
கால் விரல் இடுக்கில் கூச்சமாக இருக்கும்.
தங்கச்சி சிரித்தாள்.
பிறகு மேமலை"

அவ்வளவுதான்.
அந்தப் பந்தி முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது,
அடிமட்டம் வைத்து, வரிக்கு இரண்டு கோடு,
கீழே சின்னதாக:
"மன்னிக்கவும். இது கவிதையில் இல்லை."

வேறெதுவும் எழுதவில்லை.
செருப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
அந்தப் படிமத்துக்குப் புள்ளி இரண்டு.

அடித்ததைத் திருத்தக்கூடாது என்பது விதி.
நான் அதைத்தான் நாலு முறை வாசித்தேன்.
கோடுகளுக்கு அடியில் எல்லா எழுத்தும் தெரிந்தன,
அடிப்பதற்காக அழுத்தாமல்
தெரியட்டும் என்று இழுத்த கோடுகளா,
பதினைந்து வயதுக் கையின் ஒழுங்கா,
யாரைக் கேட்பது? சுட்டெண்ணுக்கு ஊர் கிடையாது.

"செருப்பை எழுதலையே, அதுக்கும் குடுக்க ஏலாது"
என்றார் சேர், குரலைத் தாழ்த்தி.
அவரும் வாசித்திருக்கிறார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மூக்கில் போட்டார், மறுபடி துடைத்தார்.

ஆறு என்று எழுதினேன்.
ஆறை வெட்டினேன்.
எட்டு என்று எழுதி
வெட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்,
யார் கேட்டாலும் பதில் சொல்ல.
என்ன பதில் என்று இன்னும் தெரியாது.

தேத்தண்ணி வந்தது.
யன்னலில் மலை இருந்த இடம் வெறும் புகார்.
கதவிடுக்கால் நுழைந்த மழைத்தண்ணீர்
சிமெந்துத் தரையில் மெல்ல மெல்ல
மேசைக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாற்பத்தெட்டாவது தாளுக்கு முன்
கேள்வித்தாளை எடுத்துக்
கவிதையை முதலிலிருந்து படித்தேன்.
நாய்க்குட்டி. காலை நக்குகிறது.

என் கால்களைத்
தூக்கிக் கதிரைக் கம்பியில் வைத்துக்கொண்டேன்.