பத்தி பதினேழு

ஒப்புக்கொள்கிறேன். மறுக்கிறேன். எனக்குத் தெரியாது.
மூன்றே பதில்தான் என்றார் மிஸ் பெரைரா,
ஹேவ்லாக் சதுக்கத்து நீதிமன்றத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில்
சீனி போடாத தே ஓவைச் சும்மா கலக்கியபடி.
பத்திக்கு ஒன்றாக எழுதிக்கொண்டு
வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள்.

இரவு வேலை முடிந்து வந்து
யீஷூன் வீட்டில் திரையை இழுத்துவிட்டுப் படிக்கிறேன்.
விண்ணப்பதாரர் என்றால் துர்காஷினி.
எதிர்மனுதாரர் என்றால் நான்.
'பிள்ளை' என்றால் கவினேஷ்,
பத்து வயது ஏழு மாதம்,
பால்பல் ஒன்று இன்னும் பாக்கி.

பத்தி மூன்று: பெர்த் மருத்துவமனையில் தாதி வேலை,
நான்காண்டு ஒப்பந்தம்.
ஒப்புக்கொள்கிறேன்.
கெட்டிக்காரி. அதை எழுத இங்கே இடமில்லை.

பத்தி ஆறு: வாடகை வீடு, இணைப்பு டிஎஸ்-4.
படத்தில் புல்தரை, துணி காயும் சுழல்கம்பி,
அதில் யாருடையதோ ஒரு சிவப்புச் சட்டை.
எனக்குத் தெரியாது.

பத்தி ஒன்பது: பதின்மூன்று ஆனதும்
வெளிநாட்டில் தங்க அனுமதி, பிணைத்தொகை,
காலம் வந்ததும் தேசிய சேவைக்குத் திரும்புவான்
என்று உறுதி தருகிறாள்.
அரசாங்கத்திடம் அவன் திரும்புவதற்குப் பிணை இருக்கிறது.
எனக்கு?
ஓரத்தில் பென்சிலால் எழுதி, அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

பத்தி பன்னிரண்டு: மூன்று ஆண்டில்
இரண்டு பெற்றோர் சந்திப்புக்கே வந்தார்.
மறுக்கிறேன். மூன்று.
(மூன்றாவதற்கு நான் போய்ச் சேர்ந்தபோது
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
அதுவும் கணக்கில் சேருமா, கேட்க வேண்டும்.)

பத்தி பதினான்கு: பிம்ப ஆணை.
இங்கே சொல்லும் தீர்ப்பை
அங்கேயும் அப்படியே பதிந்து வாங்குவார்களாம்,
ஜூன் விடுமுறை, டிசம்பர் விடுமுறை, விமானச் செலவு யார் என்பதுவரை.
கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தெரியுமே
என்று கேட்டேன். மிஸ் பெரைரா சிரிக்கவில்லை.

பத்தி பதினேழு. ஒரே வாக்கியம்.
"சிங்கப்பூருக்கும் பெர்த்துக்கும் நேர வேறுபாடு இல்லை;
ஆகவே தந்தையும் பிள்ளையும்
நாள்தோறும் காணொளியில் பேசலாம்."

இங்கே நின்றுவிட்டேன்.

துவாஸில் பதினோரு ஆண்டு, எல்லாம் இரவு.
கீழ்த்தளத்தில் ஆறேமுக்காலுக்கு
என் கம்பெனிப் பேருந்தும் அவன் பள்ளிப் பேருந்தும்
ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.
நான் இறங்குவேன், அவன் ஏறுவான்.
தலையைத் தொட்டால் முடி ஈரமாக இருக்கும்.
அவன் குட் மார்னிங் என்பான்,
நான் குட் நைட் என்பேன்.
விளையாட்டு என்றுதான் இருவரும் நினைத்தோம்.
விடுமுறை மதியங்களில் அவள்
"உஷ், அப்பா தூங்குறாங்க" என்று
தொலைக்காட்சியின் வாயை அடைப்பாள்.
கதவுக்கு இந்தப் பக்கம் நள்ளிரவு.
அந்தப் பக்கம் கேரம் காய்களைக்கூட
அவன் விரலால் நகர்த்தி நகர்த்திக் குழியில் போடுவான்,
சுண்டினால் சத்தம் வரும் என்று.

நாலறை வீடு. பன்னிரண்டு மணி நேர வேறுபாடு.

மறுத்தால் கடிகாரத்தை மறுக்க வேண்டும்.
தெரியாது என்றால் பொய்ச்சத்தியம்.
ஒப்புக்கொண்டால்,
கடலுக்கு அப்பால் போனபிறகுதான்
பையனுக்கும் எனக்கும் ஒரே நேரம் வரும்
என்று கையெழுத்துப் போட்ட மாதிரி.

வெள்ளிக்கிழமை, பதினேழை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்.
கூடவே ஒரு தாள்:
பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி
மேற்பார்வையாளருக்கு நான் எழுதிய கடிதம்.
இதை எம்கே-1 என்று இணைக்கலாமா?

மிஸ் பெரைரா தேதியைப் பார்த்தார்.
நேற்று.

"இணைக்கலாம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து,
அதை மற்றத் தாள்களுக்கு
அடியில் வைத்தபடி.