பிழை நேரத்து வோல்ட்

யோக்மொக்கில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
கராஜில் டீசல் ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
பழைய வால்வோவின் முன்சீட்டில்,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு,
மடியில் லேப்டாப்.

கன்ட்ரோலரிலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன,
மஞ்சளும் பழுப்பும்.
புகைக்குழாயில் திருகிய ஆக்சிஜன் சென்சார்
மோந்து பார்ப்பதையெல்லாம்
இவை வோல்ட்டாக்கிச் சொல்லும்.
எந்த மொழியில் என்பதை நான்தான் தட்ட வேண்டும்.

மஞ்சள், என்ஜின் கம்ப்யூட்டருக்கு.
சுழியம் வோல்ட் என்றால் பத்து.
ஐந்து வோல்ட் என்றால் இருபது.
ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று.
நடுவில் நேர்க்கோடு.
பதினான்கு புள்ளி ஏழுக்கு
இரண்டு புள்ளி மூன்று ஐந்து.
சிகரெட் அட்டையில் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

பழுப்பின் பேச்சு வேறு.
அது டாஷ்போர்டு முள்ளுக்குப் போகிறது,
சிக்ஸ்டன் அடம்பிடித்து வாங்கிய முள்.
பெட்ரோல் கூடினால் ஒரு வோல்ட்,
குறைந்தால் பத்தில் ஒன்று,
இடையில் ஒரே தாவல்.
எண் தெரியாது அதற்கு,
ஆமாம் இல்லை மட்டும் தெரியும்.
அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.
பாதி கார் அவனுடையது.
போன மார்ச்சிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை,
ஆனாலும் பாதி அவனுடையதுதான்.

போன மார்ச், உறைந்த ஏரி, ஆறாவது சுற்று.
மூன்றாம் பிஸ்டனின் தலையில்
கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.
'உன் மேப்பில் பெட்ரோல் பற்றவில்லை' என்றான்.
'உன் வெல்டிங்கில் காற்று கசிகிறது' என்றேன்.
குறிப்பேட்டோடு நின்ற உல்ரிகா
எதையும் எழுதவில்லை.
அவன் பிஸ்டனை எடுத்துக்கொண்டு போனான்.
நான் மற்றதையெல்லாம்.

இன்று பக்கத்தை இன்னும் கீழே உருட்டினேன்.
ஒரு சின்னக் கட்டம்.
சென்சார் சூடாகும்வரை,
அல்லது பிழையில் இருக்கும்போது,
என்ன வோல்ட் தரட்டும்?

0.00

தொழிற்சாலையில் இட்டது. நான் தொடாதது.

சுழியம் என்றால் மௌனம் என்று நினைத்திருந்தேன்.
ஆனால் நான் அமைத்த மொழியில்
அதுவும் ஒரு சொல்.
பத்து என்று அர்த்தம்.
பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறேன், குறை, என்று அர்த்தம்.

சென்சாரின் வயரைப் பனிக்கட்டி அறுத்திருந்தது அன்று.
என்ஜின் நின்ற பிறகு அறுந்திருக்கும்
என்று இருவருமே ஒதுக்கினோம்,
நாங்கள் ஒத்துப்போன கடைசி விஷயம் அது.
முன்னாலேயே அறுந்திருக்கிறது.
தெரியாது என்று சொல்ல வழியில்லாத கம்பி
குறை, குறை என்றிருக்கிறது.
கம்ப்யூட்டரும் நம்பி
சொட்டு சொட்டாகக் குறைத்திருக்கிறது,
அலுமினியம் உருகும்வரை.

அழித்துவிட்டு ஐந்து என்று அடித்தேன்.
இனி தவறினால் பெட்ரோல் கூடட்டும்.
ஸ்பார்க் பிளக் நனையட்டும், கரும்புகை கக்கட்டும்,
பிஸ்டன் பிழைத்துக்கொள்ளும்.
திருத்தத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஒரு வேலியும் போட்டேன்.

போனில் 'மன்னி' வரை தட்டி அழித்தேன்.
பழைய அமைப்பைத் திரையில் திறந்து
அந்தக் கட்டத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினேன்.
நாற்பது நிமிடம் பதில் இல்லை.
பதில் இல்லாததை எத்தனை வோல்ட்டாகப் படிப்பது?
ஹீட்டரில் டீசல் ஊற்றினேன்.

ஹெட்லைட் சுவரில் திரும்பியது.
சிக்ஸ்டன் பூட்ஸைத் தட்டாமலே உள்ளே வந்தான்.
பெஞ்சில் பிஸ்டனை வைத்தான்.
ஓட்டையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி.
கவிழ்த்தால் உட்கார்கிறது என்றான்.

பிறகு, திரையைப் பார்த்தபடி:
'பழுப்பைப் பார்த்தாயா?'
பார்க்கவில்லை.
அதிலும் சுழியம்.

அவன் சிரிக்கவில்லை, நானும்தான்.
சென்சாரைக் கழற்றி
வயரோடு கதவுக்கு வெளியே தொங்கவிட்டோம்.
வெறும் காற்றை ஒருமுறை அது மூச்சிழுத்தால்தான்
அளவு பிடிபடும், கராஜுக்குள் வீசுவது காற்றே இல்லை.
மைனஸ் இருபத்துநான்கு.
ஆளுக்கொரு கதவுநிலையில் சாய்ந்து நின்றோம்.

'முள் அசையவில்லையே' என்றான்.
'இன்னும் சூடாகவில்லை' என்றேன்.