நான்கு நிறுத்தம்

இரவு ஷிஃப்ட் முடிந்து
பேருந்துக்காக நின்றபோது
கைபேசியில் எங்கள் அஞ்சல் குறியீட்டை அடித்தேன்.
ஆஸ்பத்திரிச் சோப்பு வாசம் போகாத விரல்.
க்ளைட் ஆற்றுப் பக்கமிருந்து சாய்ந்தடித்த மழை
திரையில் விழுந்து
ஓர் எண்ணை இரண்டாக்கியது.
துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன்.

'உங்கள் பகுதி தகுதி பெறவில்லை.'

அவ்வளவுதான்.
ஏன் என்று கேட்க அங்கே ஒரு முகம் இல்லை.
ஸ்காட்லாந்து முழுவதையும் துண்டு துண்டாக நறுக்கி
வறுமை வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.
கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குள் விழுந்தால்
மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு
வாசற்படி கொஞ்சம் தணியும்.
எங்கள் துண்டில்
பழைய சர்க்கரைக் கிடங்கை இடித்து எழுப்பிய
கண்ணாடி வீடுகளும் சேர்த்தி.
பால்கனிக்கு ஓர் ஆலிவ் மரம் அங்கே, தொட்டியில்.
அவர்கள் சம்பளத்தையும் என் சம்பளத்தையும்
ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால்
நானும் வசதிக்காரி.

சிரிப்பு வந்தது.
பேருந்து வரவில்லை.

பிறகு விரல் தானாகவே
பழைய வீட்டுக் குறியீட்டை அடித்தது.
பதினோரு வருஷம் எழுதிய எழுத்துகள்:
மின்கட்டண பாக்கிக் கடிதத்தில்,
பிள்ளையின் தடுப்பூசி அட்டையில்,
ஈரச் சுவரைப் பற்றி
கவுன்சிலுக்கு எழுதிய பதினேழு புகாரில்.
பச்சை எரிந்தது.
'தகுதி உண்டு.'
யாரோ கைகுலுக்கியதுபோல் இருந்தது.

டன்ராக் தெரு. நான்கு நிறுத்தம் தள்ளி.
படுக்கையறைச் சுவரில் கறுப்பு ஏறிவந்த வீடு.
அய்லிக்கு அப்போது ஆறு வயது.
ராத்திரியில் அவள் நெஞ்சு
கெட்டில் கொதிக்கிற மாதிரி இரையும்.
பிளீச் ஊற்றித் தேய்ப்பேன்.
வெள்ளிக்கிழமை வெளுக்கும்,
புதன்கிழமை மறுபடி முளைக்கும்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
மூன்று வருஷம் முன்பணம் சேர்த்தேன்.
இரண்டு சூட்கேஸ், ஒரு மெத்தை.
கிரெக் வரவில்லை.
'எனக்கு இந்தச் சுவர் பழகிவிட்டது' என்றான்.
இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

வண்டி கிளம்பும்போது ஒருவரும் சொல்லவில்லை,
அந்தப் பூஞ்சைக்கும் மதிப்பெண் உண்டு,
கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொள் என்று.

சாயங்காலம் அய்லியிடம் சொன்னேன்.
அவள் ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டாளாம்.
எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று
சொல்லாமல் வைத்திருந்தாளாம்.
'பல் டாக்டர் பையன் ஃபின்லே இருக்கிறானே,
அவன் வீட்டுக்கு உண்டு, தெரியுமா?
ரெண்டு கார் நிற்கிற வீடு.
பின்வேலியைத் தாண்டினால் டன்ராக் தெரு.'
அவள் குரலில் கோபமே இல்லை.
கணக்கு தப்பாக வந்தால்
தாளைத் திருப்பிப் போட்டு
முதலிலிருந்து செய்கிற பிள்ளை.

'அப்பா முகவரியைக் கொடுக்கலாம்.'
'பொய் சொல்லியா?'
'அங்கே இருந்தால் பொய் இல்லையே, அம்மா.'

ஞாயிற்றுக்கிழமை பை கட்டினாள்.
பல்துலக்கி, பைஜாமா, வேதியியல் புத்தகம் மூன்று.
கிரெக் சோபாவை விரித்து வைத்திருக்கிறானாம்.
புது ஹீட்டர்கூட வாங்கினானாம்.
அவனா, ஹீட்டரா!
எனக்கு வாங்கித் தந்ததே இல்லை.

தடுக்கத்தான் வாயெடுத்தேன்.
எதைச் சொல்லித் தடுப்பது?
நாம் ஏழை இல்லை என்றா?
அதை ஏற்கெனவே ஒரு திரை சொல்லிவிட்டது.
அந்த வீடு உன்னைக் கொல்லும் என்றா?
அந்த வீடுதான் அவளை டாக்டராக்கப் போகிறது,
அவர்கள் கணக்குப்படி.

நீல இன்ஹேலரைப் பையின் முன்ஜிப்பில் வைத்தேன்.
ஷூ லேஸ் கட்ட அவள் குனிந்த நேரம்
இன்னொன்றைப் புத்தகங்களுக்கு நடுவே செருகினேன்.

நான் தப்பி வந்த அதே பேருந்து, அதே எண்.
எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஏறினாள்.