தொண்ணூற்று நான்கு விழுக்காடு

ஜெலுத்தோங் கடையில் பூன் ஹாக் கேட்கிறான்:
ஸ்மார்ட் டிவியா, தனிப் பெட்டியா, அண்ணே?
‘அண்ணே’ மட்டும்தான் தமிழ். மீதி மலாய்.

டிவி ஆயிரத்து நானூறு வெள்ளி.
எதையும் சேர்த்துவைக்க வேண்டாமாம்,
கேட்டபோது வந்து இறங்குமாம்,
மாதச் சந்தா கட்டும் வரை.
பெட்டி என்றால் பதிந்தது நம்முடையது,
பெட்டி சாகும் வரை.

வீட்டில் இருப்பதும் பெட்டிதான்.
வியாழன் இரவு ஒன்பதுக்கு
யாரும் தொடாமலே சிவப்பு விளக்கு எரியும்.
கோமளம் போட்டுவைத்த சமையல் நிகழ்ச்சி.
அவள் ஈப்போ போய்ப் பதினான்கு மாதம்.
தொண்ணூற்று நான்கு விழுக்காடு நிரம்பியாயிற்று.
நிறுத்துகிற பொத்தான் எது என்று தெரியும் எனக்கு.
ஒரே ஒரு முறை பார்த்தேன்: நண்டுப் பிரட்டல்.
அந்தம்மா உப்பு போட மறந்துவிட்டாள்.

எவ்வளவு இடம் வேண்டும், அண்ணே?
விரல் விட்டு எண்ணுகிறேன்,
வாரத்துக்கு அரை மணி...
“பழைய பெட்டியில் இருப்பதைப்
புதியதற்கு மாற்ற முடியுமா?”
முடியாதாம். கம்பெனிக்காரன் பூட்டிவைத்திருக்கிறானாம்.
உள்ளே அப்படி என்ன படம் என்கிறான்.

வெளியே தூறல்.
விலைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
ஹெல்மெட்டில் ஈரம்.
மணி எட்டு நாற்பது,
இன்றைக்கு வியாழன்.