நான்காம் தொட்டி

விடிகாலை நான்கு மணி.
நான்காம் தொட்டியில் பால் உறையவில்லை.
த்யாலிங் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தான்:
பால் பாலாகவே இருந்தது,
பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிவாதம்.

ஃப்ரீஸ்லாந்துக்காரனுக்கு வசவு அதிகம் வராது.
"பன்றிகளுக்கு" என்றான்.
தொப்பியைக் கழற்றி, அதையே திரும்பப் போட்டுக்கொண்டான்.

மாடிச் சோதனைக்கூடத்துக்கு
நான் ஒரு குப்பி மட்டும் எடுத்துப் போனேன்.
பாலைப் புளிக்கவைக்க நாங்கள் விட்ட கூட்டம்
சுவர் வெடித்துக் கிடந்தது.
ஃபேஜ்களின் வேலை.
தலை, வால், தலைக்குள் சுருட்டித் திணித்த ஒரு நூல்;
வேறு சொத்தில்லை.
உயிர் என்று சொல்ல நாக்கு தயங்கும்,
இல்லையென்றால் தொட்டி எதிர்சாட்சி சொல்லும்.

அவற்றை வடித்தெடுத்தேன்,
எந்த பாக்டீரியாவும் நுழையாத சல்லடையில்.
அறுந்து மிதக்கும் நூல்களைத் தின்ன ஒரு நொதி இட்டேன்.
பிறகு, பால்சர்க்கரையைத் தின்னவே மறந்துபோன
பழைய வம்சமொன்றின் மேல் விட்டேன்.
கால்சியத்தைக் கட்டிப்போடும் உப்பும் தட்டில் கலந்தேன்:
ஒருமுறை இறங்கலாம், மறுமுறை கூடாது.

மூன்றாம் நாள்.
ஊதாத் தட்டில் வெள்ளைப் புள்ளிகள், எண்ணி மாளவில்லை.
நடுவே மஞ்சள்.
ஒன்று. ஓரத்தில் இன்னொன்று.
மூடியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், மூன்று.

அவை தின்கின்றன.

வெடிக்கப்போகும் வீட்டில், கிளம்பும் அவசரத்தில்,
ஏதோ ஒரு ஃபேஜின் தலைக்குள்
அதன் நூலுக்குப் பதில்
வீட்டுக்காரனின் நூல் போய்விட்டது.
மூடியாயிற்று, வாலும் மாட்டியாயிற்று.
தன்னை எடுத்துவைக்க மறந்த கொள்ளைக்காரன்
அடுத்த வாசலில் வழக்கம்போல் இறங்கி
வழக்கம்போல் கொட்டினான்.
கொட்டியது சாவில்லை.
செத்தவனின் பசி.

த்யாலிங் படியேறி வந்தான், பூட்ஸில் திரிந்த பாலின் வாடை.
"அப்போ இது நல்லதுதானே, வீட்ஸ்க?"
"இந்த மூன்றுக்கு."
மருந்துக்கு அடங்காத புத்தியும்
சில நேரம் இதே பெட்டியில்தான் ஊர் மாறுகிறது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவனோ தட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து
மெல்ல எண்ணிக்கொண்டிருந்தான்,
போன தொட்டிக்கு யாரோ திருப்பிக் கொடுத்த
சில்லறையைப்போல.

"மற்றதெல்லாம்?"
"அரைப்பட்டினி."

கீழே மணி அடித்தது.
ஐந்தாம் தொட்டி உறைந்துவிட்டது, வெட்ட ஆள் வேண்டும்.
தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினான்.